குழாயும் தொட்டியும்



ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கடற்பாலத்தை நம்மில் பலர் கடந்திருப்போம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விடியுமுன் எழுந்து, அந்தப் பாலத்தைத் தாண்டி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை பிடித்து நின்று வேலைக்குப் போகிறார்கள். பேருந்தில் போகும்போது, பாலத்தின் ஓரமாகப் பருத்த குழாய்கள் கூடவே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜொகூர்த் தண்ணீரைச் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் அவை. இன்றைய உரை அந்தக் குழாயில் தொடங்கி, கணினிக்குள் இருக்கும் வேறொரு குழாய்க்குப் போகிறது.

கணினிக்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கணினி படிக்கும் பிள்ளைகள் இன்று தோட்டங்களில் இருக்கிறார்கள். படித்து முடித்து, கணினியின் முன் அமர்ந்து இயந்திரங்களைக் கண்காணிக்கும் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள், "எல்லாம் சரியாகத்தான் செய்தேன், திரையில் ஒன்றுமே வரவில்லை" என்று சோர்ந்து உட்காரக்கூடும். அதற்குக் காரணம் பல வேளைகளில் அறியாமை அல்ல, இடையில் நிற்கும் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியைப் பற்றி இன்று அறிவோம்.

முதலில் தண்ணீர்க் குழாயின் கதை. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஜொகூரில் குனோங் பூலாய் பகுதியில் நீரைத் தேக்கி, கடற்பாலத்தின் வழியாகக் குழாயில் சிங்கப்பூருக்கு அனுப்ப வழி பிறந்தது. பிறகு 1961இலும் 1962இலும் வேறு உடன்படிக்கைகள் வந்தன. 1962ஆம் ஆண்டின் உடன்படிக்கை, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்க இடம் தருகிறது. அது 2061ஆம் ஆண்டு வரை நடப்பில் இருக்கும்.

இப்படி வரும் நீர் நேராக வீட்டுக் குழாய்க்குப் போய்விடுவதில்லை. இடையில் தொட்டிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் நகரின் நடுவே ஃபோர்ட் கேனிங் என்னும் குன்றின்மேல் 1920களின் இறுதியிலேயே மூடிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டினார்கள். இது எதற்கு? காலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறார்கள். நள்ளிரவில் யாரும் திறப்பதில்லை. ஆனால் நீர் இறைக்கும் இயந்திரமோ ஒரே சீராக ஓடுவதையே விரும்பும். ஒரே சீராக வருவதற்கும், ஏறி இறங்கிச் செலவாவதற்கும் நடுவே நின்று இரண்டையும் சமாளிப்பது தொட்டி. லயத்துப் பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பீப்பாயில் பிடித்து வைத்து, பிறகு வேண்டும்போது மொண்டுகொள்ளும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலத்தோடு தண்ணீர்க் குழாயும் துண்டிக்கப்பட்டது. அதன்பின் சிங்கப்பூருக்குத் தன் தீவுக்குள் தேங்கி நின்ற நீரே கதி. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். குழாய் அறுந்தால், கையில் மிஞ்சுவது தொட்டியில் இருப்பது மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இது எப்படி மாறிப்போகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

இனி நம் காட்டுக்கு வருவோம். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், பால் மரம் சீவிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. மரத்தைச் சீவினால் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழுகிறது. ஒவ்வொரு சொட்டையும் தூக்கிக்கொண்டு யாரும் ஸ்டோருக்கு ஓடுவதில்லை. மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, வாளி நிறைந்ததும்தான் நடக்கிறோம். ஸ்டோரில் பெரிய தொட்டி இருக்கிறது. பலருடைய பாலும் அதில் சேர்ந்த பிறகே ஆலை வேலை தொடங்குகிறது. மங்கு, வாளி, தொட்டி ஆகிய மூன்றும் நமக்கு நடையை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் ஒரு கேடும் உண்டு. வாளி நிறையட்டும் என்று அளவுக்கு மிஞ்சிக் காத்திருந்தால், பால் வாளியிலேயே உறைந்துவிடும். சேர்த்து வைப்பதில் இலாபமும் இருக்கிறது, காலதாமதமும் இருக்கிறது. இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்.

இப்போது கணினிக்குள் நுழைவோம்.

கணினி செய்ய வேண்டிய ஒரு வேலையைப் படிப்படியாக எழுதி வைத்ததற்கு நிரல் என்று பெயர். பிள்ளைகள் புரோகிராம் என்பார்கள். 1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டக் மெக்கில்ராய் என்ற அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் ஒரு துண்டோடு இன்னொரு துண்டைத் திருகி இணைப்பதுபோல, நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த எண்ணம் 1973இல் கைகூடியது. அதே ஆய்வுக்கூடத்தின் கென் தாம்சன், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் குழாய் வசதியைச் சேர்த்தார். ஒரு நிமிர்ந்த சிறு கோடுதான் அந்தக் குழாய்க்குரிய குறி. கோட்டின் இடப்பக்கம் உள்ள நிரல் வெளியிடுவதை வலப்பக்கம் உள்ள நிரல் வாங்கிக்கொள்ளும். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸைப் போன்றதாக உருவாக்கத் தொடங்கிய லினக்ஸிலும் இதே குழாய் இருக்கிறது. லினக்ஸை விலையின்றிப் பெறலாம். பழைய கணினியிலும் ஓடும். ஆகவே நம் பிள்ளைகள் கற்பதற்கு ஏற்றது.

ஒருவர் பொறுக்குகிறார், ஒருவர் பிரிக்கிறார், ஒருவர் எண்ணுகிறார் என்று ஆளுக்கொரு சிறு வேலையாகப் பகிர்ந்து செய்வதுபோல, சிறு சிறு நிரல்களைக் குழாயால் கோத்துப் பெரிய வேலையை முடிக்கலாம். ஆனால் எல்லா நிரல்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று வேகமாகக் கொட்டும், ஒன்று மெதுவாக வாங்கும். ஆகவே இங்கும் இடையே தொட்டி வேண்டும். இதைத் தமிழில் இடையகம் என்கிறார்கள். பிள்ளைகள் பஃபர் என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு வகைக் கொள்கலன்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நிரலின் கையில் உள்ள வாளி. மற்றொன்று, குழாயிலேயே அமைந்த தொட்டி.

தொட்டியை முதலில் பார்ப்போம். இது லினக்ஸின் மையப் பகுதியின் பொறுப்பில் இருக்கிறது. அதன் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். பைட் என்பது கணினியின் சிறிய அளவை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தொட்டி நிறைந்துவிட்டால், அனுப்பும் நிரலை லினக்ஸ் நிறுத்தி வைக்கும். இடம் காலியானதும் அதை மீண்டும் எழுப்பும். தொட்டி வற்றிவிட்டால், வாங்கும் நிரல் காத்திருக்கும். எனவே வேகமானது மெதுவானதை மூழ்கடிப்பதில்லை. ஒரு துளியும் வழிந்து வீணாவதில்லை. வாங்கும் நிரல் வேலையை விட்டுப் போய்விட்டால், அனுப்பும் நிரலுக்குக் குழாய் உடைந்தது என்ற அறிவிப்பு போகும். பெரும்பாலான நிரல்கள் அதைக் கேட்டதும் நின்றுவிடும். இந்தத் தொட்டியால் பொதுவாகத் தொல்லை இல்லை. உள்ளே வந்ததை, வாங்குபவர் கேட்ட உடனே கொடுத்துவிடும்.

தொல்லை வருவது வாளியால்தான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் குழாயில் போட்டால் நடை அதிகமாகும். ஆகவே நிரல்கள் தம் கையில் ஒரு வாளி வைத்துக்கொண்டு, நிறைந்த பிறகு ஊற்றுகின்றன. வாளியின் அளவு பெரும்பாலும் 4,096 பைட். 16 வாளி ஊற்றினால் தொட்டி நிறையும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மனிதர் பார்க்கும் திரைக்கு எழுதும்போது, நிரல் வாளி நிறையும்வரை காத்திருப்பதில்லை. ஒரு வரி முடிந்ததும் ஊற்றிவிடும். எதிரே ஆள் இருக்கிறார், அவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது அதன் ஏற்பாடு. ஆனால் குழாய்க்கு எழுதும்போது, எதிரே இருப்பதும் ஒரு நிரல்தானே என்று எண்ணி, வாளி நிறையும்வரை ஊற்றாது. அதே நிரல், அதே வேலை. போய்ச் சேரும் இடம் மாறியதும் நடத்தையும் மாறிவிடுகிறது.

இதனால் என்ன ஆகும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். ஜொகூர்த் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த பெண் பிள்ளை, உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டும் இயந்திரங்களின் வெப்பநிலையைக் கணினி ஒரு கோப்பில் விடாமல் எழுதி வருகிறது. டெயில் என்ற நிரல், கோப்பின் கடைசியில் சேரும் புதிய வரிகளை எடுத்துத் தருகிறது. கிரெப் என்ற நிரல், அவற்றில் எச்சரிக்கை என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்குகிறது. முதல்நாள் இரவு இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தாள். எச்சரிக்கை எழுந்தவுடன் வரி திரையில் வந்தது. ஏனெனில் கிரெப் நேராகத் திரைக்கு எழுதியது.

மறுநாள், வரிகள் நீளமாக இருக்கின்றன, நேரமும் வெப்பநிலையும் மட்டும் போதும் என்று நினைத்து, வரியை நறுக்கித் தரும் கட் என்ற மூன்றாவது நிரலைக் கடைசியில் சேர்த்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது கிரெப் எழுதுவது திரைக்கு அல்ல, குழாய்க்கு. அது வாளியைக் கையில் எடுத்துக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்சரிக்கை வரி ஒன்றுக்கு 64 பைட் என்று கொள்வோம். 4,096 பைட் வாளி நிறைய 64 வரிகள் வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஓர் எச்சரிக்கை வருகிறதென்றால், 64 வரி சேர 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம் ஆகும். இரவு 11 மணிக்கு வேலை தொடங்கியவள் விடிகாலை ஏறத்தாழ 4 மணி 20 நிமிடம் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாம் பெரட்டுக்குப் புறப்பட எழும் நேரத்தில்தான் அத்தனை வரிகளும் ஒன்றாக வந்து கொட்டும். இரவு முழுவதும் இயந்திரம் சூடேறிக்கொண்டே இருந்திருக்கும். திரை மட்டும் எல்லாம் நலம் என்பதுபோல் இருந்திருக்கும். பழி யார்மீது விழும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நடுவில் பொறுமையிழந்து, ஏதோ கோளாறு என்று எண்ணி, கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தி எல்லா நிரல்களையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கிரெப்பின் வாளியில் சேர்ந்திருந்த வரிகள் ஊற்றப்படாமலே மறைந்துபோகும். மின்சாரம் நின்றாலும் அப்படித்தான். கடற்பாலம் தகர்ந்தபோது நீர்த்தேக்கத்தில் நின்ற நீர் அப்படியே இருந்தது என்று சொன்னோம் அல்லவா? கணினியின் வாளியும் தொட்டியும் அப்படி அல்ல. அவை நினைவகத்தில் இருப்பவை. நிரல் பாதியில் மாண்டால் அதன் வாளியும் உடன் போகும். வெப்பநிலை கோப்பில் எழுதப்பட்டிருந்தால், கோப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். அளவுக்கருவி நேராகக் குழாயில் அனுப்பிய செய்தியாக இருந்தால், போனது போனதுதான்.

சரி, பரிகாரம் என்ன? பரிகாரங்கள் எளியவை. கிரெப்புக்குச் சொந்தமாக ஒரு வழி இருக்கிறது. அதன் பெயரை அடுத்து இரண்டு சிறு கோடுகளும் லைன்-பஃபர்ட் என்ற சொல்லும் எழுதினால், வரிக்கு வரி ஊற்றும். செட் என்ற நிரலுக்கும் பைத்தான் மொழிக்கும் ஒரு சிறு கோடும் யூ என்ற சின்ன எழுத்தும் சேர்த்தால், வாளியில் நிறுத்தி வைக்காமல் உடனுக்குடன் அனுப்பும். இப்படித் தனி வசதி இல்லாத பல நிரல்களுக்கு, எஸ்டிடிபஃப் என்ற கட்டளையை முன்னால் வைத்து, அதற்கு ஒரு சிறு கோடு, சின்ன ஓ, பெரிய எல் என்று எழுதினால் வரிவரியாக வரும். ஆனால் தன் வாளியைத் தானே ஆளும் நிரல்கள் இந்தக் கட்டளைக்கு அடங்குவதில்லை.

ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தாமல், வரிசையின் தொடக்கத்தில் உள்ள நிரலை மட்டும் நிறுத்தும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊற்று நின்றது என்று அறிந்ததும், அடுத்தடுத்த நிரல்கள் தத்தம் வாளியில் மிஞ்சியதை ஊற்றிவிட்டு இயல்பாக முடியும். மேல்மடையை அடைத்துவிட்டுக் கால்வாய் வடியும்வரை காத்திருப்பதைப் போன்றது இது.

அப்படியானால் வாளியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடாது. 10 லட்சம் வரிகளை வடிகட்ட வேண்டும் என்று கொள்வோம். வரிக்கு ஒரு நடை என்றால் 10 லட்சம் நடை. வரி 64 பைட்டானால், வாளி நிறைந்த பின் ஊற்றும்போது 15,625 நடை போதும். யாரும் உட்கார்ந்து பார்க்காத பெரிய வேலைக்கு வாளியே நல்லது. சில வேலைக்கு வாளியும் போதாது, பெரிய தொட்டியே வேண்டும். காந்த நாடாவில் விவரங்களைப் பதிந்து பாதுகாக்கும் கருவி, ஓட்டத்திலேயே எழுதும் இயல்புடையது. விவரம் தடைபட்டால் அது நின்று, நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி தொடங்க வேண்டும். நேரமும் வீண், நாடாவும் தேயும். அத்தகைய வேலைக்கு எம்பஃபர் என்ற நிரலைக் குழாயின் நடுவே வைக்கிறார்கள். கணினியின் நினைவகம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பெரிய தொட்டியாக அது நின்று, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. குழாயில் எவ்வளவு போகிறது என்று அளந்து காட்ட பிவி என்ற நிரல் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் போன்றது அது.

தமிழில் எழுதுவோர் அறிய வேண்டியது ஒன்றும் உண்டு. யூனிகோடு முறையில் இன்று கோப்புகளை எழுதும்போது, அகரத்துக்கு 3 பைட் தேவை. கி என்ற எழுத்துக்கோ, ககரத்துக்கு 3, அதன் கொக்கிக்கு 3 என்று 6 பைட் ஆகும். 4,096 என்ற எண் மூன்றால் மிச்சமின்றி வகுபடாது. எனவே வாளி நிறையும் இடம் ஓர் எழுத்தின் நடுவே அமையலாம். எழுத்தின் ஒரு பகுதி இந்த வாளியிலும் மறுபகுதி அடுத்த வாளியிலும் வரும். நன்றாக எழுதப்பட்ட நிரல், முதல் பகுதியைப் பிடித்து வைத்து, அடுத்ததோடு சேர்த்துப் படிக்கும். அவசரமாக எழுதப்பட்ட நிரலோ எழுத்தைச் சிதைத்து, இடையில் கேள்விக்குறியைக் காட்டும். தமிழில் நிரல் எழுதப்போகும் நம் பிள்ளைகள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

லினக்ஸ் உள்ள கணினி கிடைத்தால், ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். டேட் என்ற கட்டளை நொடிக்கு ஒருமுறை நேரத்தைச் சொல்லும்படி அமைத்து, அதைக் கிரெப்பின் வழியாக விடட்டும். நொடிக்கு ஒரு வரி வரும். பிறகு, வந்ததை அப்படியே வெளியிடும் கேட் என்ற நிரலைக் கிரெப்புக்குப் பின்னால் சேர்க்கட்டும். இரண்டு நிமிடத்திற்கும் மேலாகத் திரை வெறிச்சோடிக் கிடக்கும். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் ஒன்றாக விழும். பிறகு கிரெப்புக்கு லைன்-பஃபர்ட் என்ற சொல்லைச் சேர்த்தால், பழையபடி நொடிக்கு ஒரு வரி. ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை பிறகு மறக்காது.

நேயர்களே, குழாய் எதுவானாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம். தொட்டி எவ்வளவு பெரியது? அது எப்போது திறக்கும்? நடுவில் அறுந்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நாங்கள், கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர விரும்புவது இந்த மூன்று கேள்விகளையே. பெற்றோராகிய நீங்களும் இதைச் சொல்லலாம். அதற்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெறும் திரையைப் பார்த்துப் பிள்ளை கலங்கும்போது, "வரவில்லை என்றால் ஓடவில்லை என்று பொருளல்ல. எந்த வாளியில் தேங்கி நிற்கிறது என்று பார், அவசரப்பட்டு அறுத்துவிடாதே" என்று சொல்லுங்கள். வாளி சுமந்த கைகள் சொல்லும்போது பிள்ளைக்கு அது விளங்கும்.